இரண்டாம் பக்கமும் மூன்றாம் பக்கமும்

திருத்தங்கல் ரயில்வே கேட்டில் பஸ் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டதால் முன் சீட்டுப் பேச்சு கேட்டது. இரண்டு பெண்கள். தொலைத்தொடர்பில் எம்.ஈ. படிக்கிறார்கள் என்று மடியிலிருந்த கல்லூரிப் பையில் அச்சிட்டிருந்த எழுத்து சொன்னது.

"நான் சரியா எழுதிட்டேன்டி. அதான் பெயிலு" என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"என்னடி உளறுற?"

"கணக்குப் பேப்பருக்கு சீனியர் நோட்ஸ் ஜெராக்ஸ் போட்டோம்ல, டெஸ்ட்டுல வந்த அந்த ஒரே நிரூபணத்துல ரெண்டாம் பக்கத்தையும் மூணாம் பக்கத்தையும் கடைக்காரர் மாத்திப் பின் அடிச்சுட்டாரு. முடிவு முன்னால வருது, காரணம் பின்னால வருது. நான் நேராக்கி எழுதுனேன்."

"ஐயையோ, நான் அப்படியே மனப்பாடம் பண்ணி எழுதிட்டேனே."

"கிளாஸே அப்படித்தான் எழுதிருக்கு. அம்புட்டுப் பேருக்கும் முழு மார்க்கு."

"சார்ட்ட கேக்க வேண்டியதுதான?"

"கேட்டேன். அவுக கையிலயும் அதே ஜெராக்ஸ்தான். எல்லாரும் தப்பு, நீ மட்டும் சரியாம்மான்னு கேக்குறாக."

"இப்ப என்ன பண்ணப் போற?"

"வெள்ளிக்கிழமை மறு டெஸ்ட். இதுலயும் போச்சுன்னா படிச்சது போதும்னு வீட்ல எங்க அத்தா சொல்லிட்டாக."

ரயில் போய் கேட் திறந்தது. ஜன்னலோரம் இருந்தவள் பையிலிருந்து அந்த ஜெராக்ஸை எடுத்தாள். முதல் பக்கம், அதை அடுத்து மூன்றாம் பக்கம், பிறகு இரண்டாம் பக்கம் என்று வாய்க்குள் ஒப்பிக்கத் தொடங்கினாள். சிவகாசி வரும்வரை ஓர் இடத்திலும் அவள் நிறுத்தி யோசிக்கவில்லை.