பொருந்தும் என்றேன்

கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பவர்களின் கை உண்மையில் தாங்கிக்கொண்டிருப்பது கன்னத்தை அல்ல, தாடையெலும்பை. இப்படி எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பேன் என்பதால் எங்கள் பிரிவில் எனக்கு ‘எலும்பர்’ என்று பெயர். ஸ்கேன் எடுத்த படங்களைக் கணினியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி முழு எலும்பாக்கி, அதை அச்சு இயந்திரத்தில் பிளாஸ்டிக்காக எடுத்துக் கொடுப்பது இருபத்திரண்டு வருஷமாக என் வேலை. அறுவை மருத்துவர் அந்த மாதிரியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் கத்தியைத் தொடுவார். விசாரணைக் குழுவில் நீங்கள் கேட்டதால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. எலும்பு தானாகவே கரைந்து போகிற நோய். என் மேசைக்கு அதற்கு முன் அப்படி ஒன்று வந்ததே இல்லை. மருந்தில் நோய் அடங்கிவிட்டது. ஆனால் அதற்குள் கீழ்த்தாடையை இரண்டு பக்கமும் அரித்துவிட்டிருந்தது. ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் கவலையில்லை, நல்ல பக்கத்தைக் கணினியில் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைச் செய்துவிடலாம். இரண்டும் போனால் அவளுடைய பழைய ஸ்கேன் ஏதாவது வேண்டும். அதுவும் இல்லையென்றால், நாங்கள் சேமித்து வைத்திருக்கும் மற்றவர்களின் தாடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்த அளவில் அவளுடைய காலிலிருந்தே ஓர் எலும்பை எடுத்துச் செதுக்கி, தகடு வைத்துத் திருகாணியால் இறுக்குவார்கள். தேர்ந்தெடுப்பது நான்.

எங்கள் சேமிப்பில் நூற்றுப்பதினான்காம் எண் என் மகள். கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றாள் என்று பதினெட்டு வயதில் நானே எடுத்த ஸ்கேன். மறுவருஷம் சாலை விபத்தில் போய்விட்டாள். இதைச் சொல்லி உங்கள் இரக்கத்தைச் சம்பாதிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

“இது பொருந்துமா?” என்று நான் கொண்டுபோன நூற்றுப்பதினான்கைப் பார்த்து மருத்துவர் கேட்டார்.

“பொருந்தும் டாக்டர்.”

“எலும்பர் சொன்னா அப்பீலே கிடையாது” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவர் மேல் தப்பில்லை, எழுதிக்கொள்ளுங்கள். அது பொருந்தவில்லை. அகலம் நான்கு மில்லிமீட்டர் அதிகம், முகவாயும் நீளம். எலும்பு முட்டுகிற இடங்களைக் கணினி சிவப்பாகக் காட்டும். நான் சிவப்பை அணைத்துவிட்டுத்தான் படத்தை அவரிடம் கொண்டுபோனேன்.

அறுவை முடிந்து வீக்கம் வடிய மூன்று மாதமானது. முகத்தை எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் படமெடுக்கிற கேமரா எங்களிடம் இருக்கிறது. அதற்காக அவள் இரண்டு தடவை வந்திருந்தால் போதும். நான் பதினொரு தடவை வரவழைத்தேன்.

“இன்னும் எத்தனை தடவை அங்கிள்?” என்பாள். வாயைச் சரியாகத் திறக்க முடியாததால் வார்த்தைகள் கொழகொழவென்று வரும்.

“கொஞ்சம் சிரிம்மா” என்பேன். சிரித்தால் அவளுக்கு வலிக்கும் என்பது எனக்குத் தெரியும். பல்வரிசை ஒன்றோடொன்று சேரவில்லை; மசித்ததைத் தவிர எதையும் அவளால் சாப்பிட முடியவில்லை. அதெல்லாம் தெரிந்துதான் சிரிக்கச் சொன்னேன். வலியோடு சிரிப்பாள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“என் பொண்ணு சிரிச்சா இப்படி இருக்காதுங்க, யார் வீட்டுப் பொண்ணோ மாதிரி இருக்கு” என்றார் அவளுடைய அம்மா. போகப் போகப் பழகிவிடும் என்று தைரியம் சொன்னேன்.

பதினோராவது தடவை என் மனைவியை அழைத்துவந்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தேன். காரணம் சொல்லவில்லை. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அந்தப் பெண் கதவைத் திறந்து வெளியே வந்ததும் என் மனைவி எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க? அது யாரு பெத்த பொண்ணு?”

மறுநாள் உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்தது அவள்தான். செய்தது சரி.

அவளுக்கும் தெரியாதது ஒன்று இருக்கிறது. முதல் நாளே அந்தப் பெண்ணின் அம்மா கைக்குட்டையில் சுற்றி ஒரு குறுந்தகடு கொண்டுவந்தார். பதினாறு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தபோது எடுத்த ஸ்கேன். “இது உதவுமாங்க?” என்று கேட்டார். மறுநாள், கீறல் விழுந்திருக்கிறது, திறக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். “நான்தான் பத்திரமா வெக்கல” என்று அந்த அம்மா அழுதார். நான் ஆறுதல் சொன்னேன்.

குறுந்தகடு முதல் தடவையே திறந்தது. முழுத் தாடை, ஒரு குறையும் இல்லாமல். அந்தப் பெண்ணுடைய முகம் ஒன்றரை வருஷமாக என் மேசை இழுப்பறையில் இருந்தது. இதோ, வைத்துக்கொள்ளுங்கள். இதை வைத்து மறுபடி அறுவை செய்தால் அவள் முகம் அவளுக்குத் திரும்பிவிடும். எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன், செய்தது அவ்வளவு கேவலம்.

ஒன்றே ஒன்று, கேட்கவே நாக்குக் கூசுகிறது. இப்போது இருக்கிற தாடையைக் கழற்றியதும் தூக்கி எறிந்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் கால் எலும்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அது எங்கள் வீட்டுக்கு வர வேண்டியது.