ஒரு நூல் கூடுதல்

உங்கள் மேஜை இழுப்பறை பாதியில் சிக்குகிறது, இன்ஸ்பெக்டர் ஸ்ரீகண்டன். வலது ஓரத்தில் நாலு தடவை இழைத்தால் சுகமாக ஓடும். அதைச் செய்யாமல் தினமும் உதைத்து மூடுகிற நீங்கள்தான், கரமனையில் என் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு 'கால் வழுக்கி விழுந்தான்' என்று எழுதினீர்கள். கேட்டதும் சிரிப்பு வந்தது. அப்புறம் எரிச்சல். அதனால்தான் நானே வந்தேன்.

பெயர் நாகேஸ்வரன். முப்பது வருஷம் டிராஃப்ட்ஸ்மேன், எழுபத்திரண்டாம் வருஷம் ரிட்டயர் ஆனேன். வெள்ளைக்காரன் வார்த்த இரும்பு இழைப்புளிகளைச் சேர்க்கிறேன். உடம்பின் வளைவையும் கைப்பிடித் திருகையும் பார்த்தே எந்தப் பட்டறை, எந்தக் காலம் என்று சொல்லிவிடுவேன். டேப் வைத்து அளப்பதெல்லாம் கண் இல்லாதவன் வேலை. பழவங்காடிப் பழைய இரும்புக் கடைக்காரர்களுக்கோ எல்லாமே 'பிரிட்டிஷ் சாமான்'. மூடர்கள்.

போனக்காடு எஸ்டேட் பங்களா ஏலத்தில் அபூர்வமான ஒன்று கிடைத்தது. பிளேடு மட்டும் இல்லை. ஏழு வருஷம் தேடினேன். கடைசியில் அது என் வீட்டுக்கே வந்தது, கதவு சரிசெய்ய வந்த வேல்சாமியின் மரக்கட்டை இழைப்புளிக்குள். என்னுடையதில் இருக்கிற அதே மூன்று அம்பு முத்திரை. அந்த மடையன் அதைத் தினமும் கல்லில் தீட்டித் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன வேணும்னாலும் தரேன், அதைக் குடுத்துடு" என்றேன்.

"தரமாட்டேன் கேட்டோ சாமி. இதுதான் எனக்குச் சோறு போடுது. உங்களுதுல இது சேரவும் சேராது. ஒரு நூல் கூடுதலா இருக்கு."

நூல் என்றால் அரைக்கால் அங்குலம். என் இழைப்புளியை வாசலில் நின்று ஒருமுறை பார்த்தவன் எனக்கு அளவு சொல்கிறான். கொடுக்க மனமில்லாமல் புளுகுகிறான் என்று தெரிந்துவிட்டது.

வேலை பாதியில் நின்றதால், சரஸ்வதி பூஜைக்குக் கருவிகளை என் வீட்டுப் பூஜையறையிலேயே வைத்தான். விஜயதசமிவரை தொடமாட்டான். நவமி மத்தியானம் சுண்டலுக்கு வந்தான். என் மனைவி சீதாலக்ஷ்மி கோயிலுக்குப் போயிருந்தாள்.

"கெணத்து உத்தரம் சாஞ்சிருக்கு, பாரு" என்றேன். கப்பி தொங்குகிற குறுக்குக்கட்டை அது.

"சுத்தியல் இருந்தாத் தட்டிப் பாத்துட்டு ஏறலாம். இன்னிக்குக் கருவி எடுக்கப்பிடாதே சாமி."

"கருவி எதுக்குடா? கையால தள்ளினாப் போறும்."

சுற்றுச்சுவரில் ஏறித் தள்ளினான். கட்டையும் அவனும் சேர்ந்தே போனார்கள்.

அவனுக்கு நீச்சல் தெரியாது. அதை முந்தின வாரமே பேச்சோடு பேச்சாகக் கேட்டு வைத்திருந்தேன். கல் இடுக்கைப் பிடித்துக்கொண்டு "சாமி, கயிறு" என்றான். கயிறு என் காலடியில்தான் இருந்தது, நான் சுருட்டி வைத்தபடி.

பூஜையறைக்குப் போய், பூவை விலக்கி, பிளேடை எடுத்துச் சந்தனத்தைத் துடைத்தேன். தொடக்கூடாது என்பது அவன் விதி, என்னுடையது அல்ல. ஒரு தடவை பொருத்திப் பார்த்துவிட்டு வரலாம் என்று உட்கார்ந்தேன். வேலையைப் பாதியில் விட்டு எழுவது என் வழக்கமில்லை. அவன் கூப்பிடுவது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நடுவில் "மாடம்மா" என்றுகூடக் கூப்பிட்டான், பெண்டாட்டியாக இருக்கும். முக்கால் மணி நேரம். அப்புறம் வீடு அமைதியாகிவிட்டது.

நீங்கள் சுற்றுச்சுவரைக் கவனித்திருந்தால், உத்தரத்தை இறுக்கும் ஆப்பு இரண்டு பக்கமும் இல்லாதது தெரிந்திருக்கும். அன்றைக்குக் காலையில் நான்தான் கழற்றினேன். இந்தாருங்கள், இரண்டும் பைக்குள் இருக்கின்றன. கையெழுத்து எங்கே போட வேண்டும்?

பிளேடு சேர்ந்ததா என்று நீங்கள் கேட்கவே இல்லை. சேரவில்லை. ஒரு நூல் கூடுதல். வேல்சாமி அதை நம்பும்படியாகச் சொல்லியிருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பான். அவனுக்குப் பேசத் தெரியாததற்கு நான் என்ன செய்ய முடியும்?