பறக்கும் கூரை

"அந்தக் கூரை விழாது மச்சான், பறக்கும்."

திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் ரயிலில் எதிர்ப் பலகையில் இருந்தவர் இப்படிச் சொன்னதும் ஜன்னலிலிருந்து திரும்பினேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அவர் கட்டடங்களுக்குக் கணக்குப் போடும் இஞ்சினியர் என்பதும், பக்கத்தில் இருந்தவர் அவர் மனைவியின் அண்ணன் என்பதும் பேச்சிலேயே தெரிந்தன.

"அவ்வளவு தகரம் எப்படிங்க மாப்பிள்ளை பறக்கும்?"

"யாத்திரை வர்றவங்க தங்குற கொட்டகை. நாலு பக்கமும் சுவர் கிடையாது, கூரைக்குச் சரிவும் கம்மி. ஆடிக் காத்து அடியில புகுந்து மேல தள்ளும். கூரைக்கு மேல போற காத்தும் சேர்ந்து இழுக்கும். தகரத்தோட கனம் அதுக்குப் பத்தாது. இரும்புத் தூணையெல்லாம் ஆழமா புதைச்சுப் பிடிக்கணும். எங்க ஆபீஸ் துரை அதுல பாதியைக் குறைச்சிட்டாரு."

"இரும்பு கிடைக்காத நேரமாச்சே. நீங்க கையெழுத்துப் போட்டாலும் பொறுப்பு துரையோடதுதானே?"

"கணக்கு என்னோடது. கையெழுத்துப் போட முடியாதுன்னு காலையில அவர் மேஜையிலேயே கொட்டகைப் படத்தைத் திருப்பி வச்சிட்டேன்."

வண்டி காவேரிப் பாலத்தில் ஏறியது.

"தங்கச்சி பிள்ளைத்தாச்சியா இருக்கு. வேற ஊருக்கு மாத்திட்டாங்கன்னா?"

"அவகிட்ட முதல்லயே சொல்லிட்டேன். பெட்டி கட்டத் தெரியும்னு சொல்லிட்டா."

"ஏதாவது பொட்டல் காட்டுக்குத்தான் அனுப்புவாங்க."

"அனுப்பட்டும். அங்கேயும் காத்து அடிக்கும் மச்சான். அங்கேயும் இதே கணக்கைத்தான் போடுவேன்."