மூன்று தண்ணீரில் கழுவிய சால்மன்

பழங்காநத்தம் போகும் பஸ். முன் இருக்கையில் இரண்டு பேர். இளையவர் சொன்னது காதில் விழுந்தது.

“மூணு தண்ணி விட்டுக் கழுவுனேண்ணே. மசாலா பூராம் போயிருச்சு.”

“எந்த மீனு?”

“சால்மன். மசாலா தடவியே பாக்கெட்டுல விக்கிறாங்க. வேலை விட்டு வந்ததும் தோசைக்கல்லுல போட்டா பத்து நிமிசம்தான்னு எம் பொண்டாட்டி வாங்கி வச்சிருந்தா. அவ வர்றதுக்குள்ள நானே பொரிச்சிரலாம்னு பாத்தேன்.”

“பெறகு ஏன் மாப்ள கழுவுன?”

“மீனக் கழுவாம எப்பிடிண்ணே அடுப்புல போடுறது? கல்லுப்பு, மஞ்சத்தூள் போட்டு ஒரசிக் கழுவுனேன்.”

“தங்கச்சி திட்டுச்சா?”

“திட்டல. ‘இம்புட்டு நல்லாக் கழுவுவீகளா’ன்னு கேட்டா. அன்னைலருந்து வீட்டுல பாத்திரம் பூராம் நான்தான்.”