ஜீப் சாப்பாடு வாங்கப் போனபோது

இந்த இடத்தில் ஒரு சின்னக் கதை சொல்லிவிட்டு மேலே போகிறேன். எனக்குக் கதை சொல்ல அவ்வளவாக வராது... கோர்வை தப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நான்குவழிச் சாலை. இந்தப் பக்கம் மேலவேலங்குடி என்ற ஊர். பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். பிள்ளைகள் சாலையைக் கடந்துதான் போக வேண்டும். ஊரார் சுரங்கப்பாதை கேட்டார்கள். அரசு என்ன செய்தது? முதலில் சாலையின் குறுக்கே தடித்த வெள்ளைப் பட்டைகள் போட்டது. வண்டி ஏறினால் தடதடவென்று அதிரும். ஓட்டுகிறவர் வேகத்தைக் குறைப்பார். உண்மையிலேயே குறைக்கிறார்களா என்று பார்க்க இரண்டு பேரை அனுப்பியது. 'குறைக்கிறார்கள்' என்று அவர்கள் எழுதிவிட்டால் சுரங்கப்பாதை கிடையாது.

வந்தவர்கள் மூத்த பொறியாளர் அருளப்பன், உதவிப் பொறியாளர் தமயந்தி. வெள்ளை ஜீப்பை ஓரமாக நிறுத்தினார்கள். பக்கத்தில் நின்று, வருகிற வண்டிகளின் வேகத்தைக் கருவியால் அளந்தார்கள். லாரி வந்தது... நாற்பது. பேருந்து வந்தது... அதற்கும் கீழே.

அருளப்பனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியாம்மா? சாமி ஊர்வலம் மாதிரி போறானுங்க. திட்டம் வெற்றினு எழுதிக்கோ."

மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பிய மரியபுஷ்பம் என்ற பெண் நின்று கேட்டாள். "அப்போ சுரங்கம் வராதா சார்?"

"இவ்வளவு மெதுவா போற ரோட்டுக்கு எதுக்கும்மா சுரங்கம்?"

"எனக்கே அதிசயமாத்தான் இருக்கு சார். இன்னிக்குத்தான் ஓடாம நடந்து வந்தேன்."

"அதாம்மா திட்டம்!" என்றார் அருளப்பன்.

மதியம். ஓட்டுநர் ஜீப்பை எடுத்துக்கொண்டு சாப்பாடு வாங்கப் போனார். எதிர்ப்பக்கம் இளநீர்க் கடை. இருவரும் கடக்கப் போனார்கள். ஓர் அடி வைத்தார்கள்... லாரி. பின்வாங்கினார்கள். மறுபடி வைத்தார்கள்... பேருந்து. பட்டைகள் தடதடத்தன. வேகம் குறைந்ததா? குறையவில்லை.

"சார்... கருவியைப் பிடிங்க."

பிடித்தார். எண்பது. தொண்ணூறு. கருவி கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தார்.

"கருவி நல்லாத்தான் சார் இருக்கு. ஜீப்தான் இல்ல. காலையில நம்மள ஆர்.டி.ஓ. செக்கிங்னு நெனச்சிருக்காங்க."

"காலை முழுக்க அளந்தது வீணா? மேல என்னம்மா சொல்றது? நாங்களே வேகத்தடையா நின்னோம்னா?"

"சாயங்காலம் அந்தம்மா பொண்ணு இந்த வழியாத்தான் சார் திரும்பி வரும்."

ஜீப் வந்ததும், அருளப்பன் அதை ஊருக்குள் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். காலையில் எழுதியதை அடித்தார். ஒரு புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்று, முதலிலிருந்து அளந்தார். 'பட்டைகள் போதவில்லை' என்று அறிக்கை போயிற்று. சுரங்கப்பாதை வந்ததா? அது எனக்குத் தெரியாது... தெரியாததைச் சொல்லக் கூடாது.

அன்பர்களே, நாளை நம் சங்கத்தின் மாலைப் படிப்பகங்களைப் பார்வையிடக் கிளம்புகிறீர்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் எதைப் பார்ப்பீர்கள்? கோலம் போட்ட வாசலை. துவைத்த சட்டைகளை. அதுவா படிப்பகம்? இல்லை... அது உங்கள் வருகை. உங்கள் வருகைக்கே மதிப்பெண் போட்டுவிட்டுத் திரும்புவீர்கள். என் எண்ணம் தவறாகவும் இருக்கலாம். இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன். சொல்லாமல் போங்கள். ஒரு மூலையில் உட்காருங்கள். பிள்ளைகள் உங்களை மறந்து, தங்களுக்குள் சண்டை போட ஆரம்பிக்கிறவரை உட்காருங்கள்... அதற்குப் பிறகு பேனாவை எடுங்கள்.