காரியாபட்டியில் நிற்காத ரேடியோ

அலோ... அலோ! விருதுநகரா? பருத்தி மண்டியா? அய்யா, பக்கத்து ரேடியோ ரிப்பேர் கடை மொக்கைச்சாமியைக் கொஞ்சம் கூப்பிடுங்க... ஆமாங்கய்யா, ட்ரங்க் கால்தான்... உசுருக்கு ஆபத்தெல்லாம் இல்லைங்கய்யா, கல்யாணத்துக்குத்தான் ஆபத்து... ஆமா, ஆமா, சீக்கிரம்...

லேய் மொக்கை! நான்தாம்லே, ஜெயச்சந்திரன்... சிவகாசி ஜெயச்சந்திரன்லே, அச்சாபீசு! நேத்து என் பழைய மாரிஸ் கார்ல ரேடியோ மாட்டிக் குடுத்தியே, அதுக்குள்ள மறந்துட்டியா?... காரியாபட்டி போஸ்டாபீசுல இருந்து பேசுறேன்... ஆமா, ஆமா, பொண்ணு பாக்கத்தான் வந்தோம், நானும் அம்மாவும். அத வுடு. அந்த ரேடியோவ எப்படிலே நிப்பாட்டுறது?

...குமிழைத் திருகுறதா? குமிழு என் சட்டைப் பையில கெடக்குலே! திருத்தங்கல் தாண்டுறதுக்குள்ள அது போட்ட அதிர்வுல களண்டு கையோட வந்துருச்சு. வர்ற வழியில உன் கடையும் பூட்டிக் கெடந்துச்சு... பேட்டரி வயரை எப்படிலே புடுங்க? பானட்டு ஆடுதுன்னு நீதான முறுக்குக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுன!... பட்டு வேட்டியக் கட்டிக்கிட்டு பொண்ணு பாக்க வர்றவன் குறடு கொண்டாருவானா? ஆசாரி வீட்டுக்கு ஆள் போயிருக்கு...

சரி, சரி, சரி! கம்மி விலையில முடின்னு நான்தான் சொன்னேன். அதுக்காக டூரிங் கொட்டகையில கழிச்சுப்போட்ட ஸ்பீக்கரையா மாட்டுவ? பின் சீட்டக் களட்டிப் போட்டுட்டு பீரோ கணக்கா ஒரு பொட்டிய வச்சிருக்க. எங்கம்மா வெத்தலைத் தட்டோட முன்னாடி ஒடுங்கி உக்காந்து வந்தாக... நல்லா கேக்குதாவா? பாடுறவுக கொரலே வரலைலே! டம்மு டம்முன்னு அடி மட்டும் வயித்துக்குள்ள வந்து இடிக்குது. செய்தி வாசிச்சா எருமை கத்துற மாதிரி இருக்கு.

காலையில என்ன ஆச்சு தெரியுமா? ஒரு பட்டாசுக் கம்பெனி வாசல்ல போறப்ப டம்முன்னு ஒண்ணு போட்டுச்சு பாரு, உள்ள இருந்த சனம் அம்புட்டும் கேட்டைத் தாண்டி ரோட்டுல நிக்குது! போர்மேன் கல்லைத் தூக்கிட்டு வாராரு... இல்லை, இல்லை, யாருக்கும் அடியெல்லாம் இல்லை. பின் கண்ணாடிதான்... மல்லாங்கிணறுல ஒருத்தன் எந்தக் கட்சிங்கான், இன்னொருத்தன் என்ன படங்கான். நோட்டீசு குடுத்தாத்தான் வழி விடுவோம்னு மறிச்சுட்டானுக. எங்கம்மா ஆளுக்கு ரெண்டு வெத்தலையக் குடுத்து அனுப்புனாக...

போஸ்ட்மாஸ்டர் அய்யா, இந்தா முடிச்சிருதேன்... சத்தம் போடலைங்கய்யா. காலையில இருந்து காது அடைச்சுக் கெடக்கு, நான் பேசுறது எனக்கே கேக்கலை...

லேய், கேளு. பொண்ணு வந்துச்சு. பொன்னுத்தங்கம். காப்பி கொண்டாந்துச்சு. வாசல்ல உன் ரேடியோ போடுற போடுல, தட்டுல இருந்த தம்ளரு தானா நகந்து நகந்து என் பக்கமா வருதுலே!... சிரிச்சுச்சு. முந்தானைய வாயில வச்சுக்கிட்டு, தாங்க முடியாமச் சிரிச்சுச்சு... நல்லாருக்குலே. ரொம்ப நல்லாருக்கு. கட்டுனா இந்தப் பிள்ளையத்தான் கட்டணும். அதான் இம்புட்டுப் பதறுறேன்...

எங்கிட்டுப் பேச? தெரிஞ்ச பேருதான், ஆனாலும் கேட்டேன், சொல்லுச்சு, காதுல விழலை. மறுக்கா கேட்டேன், மறுக்கா சொல்லுச்சு, விழலை. அவுகப்பா அய்யாதுரை எந்திரிச்சிட்டாக. அந்தச் சனியனை நிப்பாட்டிட்டு உள்ள வாங்க, இல்லைனா அப்படியே ஊரப் பாக்கக் கெளம்புங்கன்னுட்டாக... அது மட்டுமா? தாய்மாமன் ஒருத்தரு இருக்காரு, ஊர்க்காவலன்னு. காது சுத்தமா கேக்காது. யாரு பேசுனாலும் தன்னையத்தான் கிண்டல் பண்றாகன்னு நெனைப்பு. வந்த மாப்பிள்ளை அம்புட்டுப் பேரையும் வேண்டாம்னுட்டாராம். அவரு தலையாட்டாம அந்த வீட்டுல ஒண்ணும் நடக்காதாம். என்னையப் பாத்தும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு...

இரு, இரு... அய்யோ, அவுகப்பாவே இங்கன ஓடியாராகலே! வச்சுராத, லைன்லயே இரு... வாங்கய்யா! கோவிச்சுக்காதீக, இந்தா நிப்பாட்டிருவோம், அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்... என்னது?... நிப்பாட்ட வேண்டாமா?... யாரு?... கார்க்குள்ளயா?...

மொக்கை! அந்தத் தாய்மாமன் கார்க்குள்ள ஏறிட்டாராம்லே! எல்லாரும் ஏன் காதைப் பொத்துறாகன்னு பாக்கப் போயி, கார் மேல கைய வச்சிருக்காரு. வச்ச கைய எடுக்கலையாம். பெறகு கதவத் தெறந்து உள்ள போயி, பொட்டிய அப்படியே நெஞ்சோட கட்டிப் புடிச்சுக்கிட்டாராம்... ஆமாலே, ஆமா! ரேடியோவுல நாயனக் கச்சேரி ஓடுதாம். தவிலு கேக்குது, தவிலு கேக்குதுன்னு கத்துறாராம்... அழுறாராம்லே... எனக்கும் ஒரு மாதிரிதான் இருக்கு... ஆசாரி குறட்டோட வந்தாராம். அவரைத் தெரு முக்கு வரைக்கும் வெரட்டி விட்டுட்டாராம்!

சொல்லுங்கய்யா... ஆமா... ஆமா... நெசமாவா?... இல்லை, வாயில அய்யான்னு வந்துருச்சு. இனிமே மாமாதான், மாமா!

லேய், முடிஞ்சுபோச்சுலே! தாய்மாமன் தலையாட்டிட்டாராம்!... அதான்லே, தவிலுக்கு ஆட்டுனாரோன்னு எனக்கும் சந்தேகம். சைகையில ரெண்டு வாட்டி கேட்டுட்டாகளாம். இந்தப் பையனுக்கே குடுங்க, பொட்டிக்கு எதுத்தாப்ல வராம எல்லாரும் தள்ளி நில்லுங்கன்னுட்டாராம்...

மாமா, ஒண்ணு கேக்கணும்... பொன்னுத்தங்கம் என்ன சொல்லுச்சு?... ம்... ம்... அப்படியேவா சொல்லுச்சு?...

மொக்கை, பொண்ணுக்கும் சம்மதமாம்லே! ஆனா அந்தப் பொட்டி மட்டும் சிவகாசிப் பக்கம் வரக்கூடாதாம். தாய்மாமனே வச்சுக்கிடட்டும்னு சொல்லிருச்சாம்... சரின்னுட்டேன்! அது கேட்டா மாரிஸையே குடுத்திருப்பேன்... ஆமா, பொட்டி, ரேடியோ, பேட்டரி, எல்லாம் இங்கனயே இருக்கட்டும்... காரா? என்ன காருக்கு?... அட, ஆமால்ல! பேட்டரி இல்லாம எப்படி ஊரு போய்ச் சேருறது? லேய், நீ இப்பவே ஒரு பேட்டரியத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறு... அய்யா, ஒரே நிமிசம்யா... பேட்டரிலே, பேட்டரி! கேக்குதா? குறடும் கொண்டா... ரேடியோவெல்லாம் ஒண்ணும் வேண்டாம், போதும்லே சாமி! அலோ?... மொக்கை?... அலோ?

கட்டாயிருச்சு மாமா. பேட்டரின்னு சொன்னது அவன் காதுல விழுந்துச்சோ, என்னமோ... சரி, நடங்க மாமா. ராத்திரிச் சாப்பாடும் இங்கனதான்னு அத்தைகிட்டச் சொல்லிருவோம்.