மூன்றாவது நினைவுக்கோப்பை ஏன் இல்லை?

பேச்சாளர்களோடு சேர்த்துத் தம் பசியையும் அடக்கிக்கொண்டு இந்தக் கூட்டத்திற்குத் தலைமை தாங்கும் கொமேட்டா மோட்டார் சைக்கிள் பந்தயக் கழகத் தலைவர் எட்மண்ட் ரீபக் அவர்களே! கறுப்பு மண்ணைத் தின்று, கறுப்பு மண்ணைத் துப்பி, அந்த மண்ணிலேயே இளமையைச் செலவழித்துவிட்டு, இன்று முன்வரிசையில் முழங்காலைத் தடவியபடி வீற்றிருக்கும் மூத்த வீரர்களே! வண்டிகளை வெளியே குளிரில் நிறுத்திவிட்டு இந்தக் கூடத்தை நமக்குத் தந்திருக்கும் தீயணைப்புப் படை நண்பர்களே! மகன் ஓட்டும் நேரத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, முடிந்ததா, முடிந்ததா என்று பக்கத்து இருக்கையைக் கேட்டே ஆயுளைக் கழித்த தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும், இந்தத் தடத்தின் மருத்துவர் என்ற ஒரே தகுதியோடு மேடை ஏறியிருக்கும் ஒருத்தியின் வணக்கம்.

நான் சொற்பொழிவாளர் அல்ல. முதல் வளைவில் ஆம்புலன்ஸுக்குள் உட்கார்ந்திருப்பவள். அங்கிருந்து நான் எழுந்து வந்தால் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று பொருள். சிரிக்கிறீர்கள். ஆனால் இன்றும் அதற்குத்தான் எழுந்து வந்திருக்கிறேன். நாற்பது ஆண்டுக்கு மேலாக எழுந்திருக்காத ஒருவருக்காக வந்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். நாம் யாரை நினைவில் வைத்திருக்கிறோம்? பதக்கம் வென்றவர்களை வைத்திருக்கிறோம்; மைதானத்து வாசலில் அவர்கள் படம் இருக்கிறது. மாண்டவர்களையும் வைத்திருக்கிறோம், தடத்திலே உயிர்விட்ட நம் இரண்டு பிள்ளைகளின் பெயரால் ஆண்டுதோறும் இரண்டு நினைவுக்கோப்பைப் பந்தயங்கள் நடக்கின்றன. நடக்கட்டும், என்றும் நடக்கட்டும். ஆனால் இடையில் இருந்தவர்கள் எங்கே? வென்றவர்களும் அல்லாமல், வீழ்ந்து மாண்டவர்களும் அல்லாமல், வெறுமனே வீட்டுக்குப் போனவர்கள் எங்கே?

தியோடர் கிராப் எங்கே? மூக்குக்கண்ணாடிக்கு மேல் பந்தயக் கண்ணாடி போட்டு ஓட்டிய தியோடர். பிரேக் இல்லாத வண்டி, இடப்பக்கமே திரும்பும் தடம், முன்னால் போகிறவன் சக்கரம் வாரி இறைக்கும் மண். மூன்றாவது சுற்றில் இரண்டு கண்ணாடியும் அடைத்துப்போகும். "அப்புறம் எப்படிடா ஓட்டுறே?" என்று பயிற்சியாளர் கேட்டாராம். "முன்னாடி போறவன் சத்தம் வலப்பக்கம் கேட்டா நான் இடப்பக்கம் நுழைவேன் சார். எந்தப் பக்கமும் கேக்கலைன்னா, நான்தான் முதல்ல வர்றேன்னு அர்த்தம்." அந்தப் பிள்ளை அப்படியே தேசிய அணிக்காரனைத் தோற்கடித்தது! மறு வசந்தத்தில் கண் மருத்துவர் தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட மறுத்தார். தியோடர் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கப் போனார்.

ஹியெரோனிம் எங்கே? வசந்தத்தில் புயல், கோடையில் இடி, இலையுதிர் காலத்தில் ஆளையே காணோம்! "செப்டம்பர்ல என்னை எதிர்பாக்காதீங்க. வயல்ல சர்க்கரைக்கிழங்கு காத்திருக்காது, கழகம் காத்திருக்கும்." கழகம் காத்திருக்கவில்லை. முன்வரிசையில் யாரோ கண்ணைத் துடைக்கிறீர்கள். துடையுங்கள், அவர் நன்றாகத்தான் இருக்கிறார். போன வாரம் ரத்த அழுத்தம் பார்க்க வந்து, என்னிடம் கிழங்கு விலையைப் பற்றிச் சண்டை போட்டார்.

இப்போது நான் சொல்ல வந்த பெயர். கயேட்டன் சோவா.

பார்த்தீர்களா? அந்தப் பெயரைச் சொன்னதும் கூடம் எப்படி அமைதியானது பார்த்தீர்களா? மறந்துவிட்டோம் என்கிறோமே, மறந்த பெயருக்கா இந்த அமைதி?

என்ன, ஃபெலிக்ஸ் ஐயா? உரக்கச் சொல்லுங்கள். "அவனால்தான் முதல் பிரிவு போச்சு" என்கிறீர்கள். சரி, அதையே பேசுவோம். இளையவர்கள் இருக்கிறார்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

எழுபத்தாறாம் ஆண்டு. கடைசிப் போட்டி, கடைசி ஓட்டம். நம்மவர் இருவர், அவர்கள் இருவர். கயேட்டன் முதலாவதாக வந்தால் போதும், கொமேட்டா முதல் பிரிவுக்கு ஏறிவிடும். அவருக்கு வயது இருபத்தொன்று. அவருக்குத் துணையாக ஓடியவர் வலென்டி கோஸ், பத்தொன்பது. கயேட்டன் அம்புபோல முன்னே பாய்ந்தார். நம் ஊரில் ஜோடியாக ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: முன்னால் போகிறவன் சுற்றுக்கு ஒருமுறை தோளுக்கு மேலே திரும்பித் துணையைத் தேடுவான். அன்று தேட வேண்டிய தேவையே இல்லை. இருந்தும் கயேட்டன் திரும்பிப் பார்த்தார். வலென்டியைக் காணவில்லை.

வலென்டி பின்னால் வளைவில் விழுந்து கிடந்தார். பையன் எழுந்து ஓரமாகப் போய்விடுவான் என்று நடுவர் எண்ணினார்; ஓட்டத்தை நிறுத்தும் சிவப்பு விளக்கு எரியவில்லை. கயேட்டன் சுற்றி அதே வளைவுக்கு வருகிறார். முதுகை ஒட்டி எதிரணியினர் இருவர். கயேட்டன் ஒதுங்கிப் போய்விடலாம், அவருக்குக் கண் தெரிகிறது. பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியுமா? அவர்கள் முகத்தில் மண்ணை இறைப்பது யாருடைய சக்கரம்? கயேட்டனின் சக்கரமே அல்லவா! பிரேக் இல்லாத வண்டியை நிறுத்த ஒரே வழிதான் உண்டு. கையை உயர்த்தினார். வண்டியைக் குறுக்கே சாய்த்தார். தானும் விழுந்தார். பின்னால் வந்தவர்கள் விலகி வேலியில் உரசி நின்றார்கள். ஓட்டம் நின்றது.

தூசி அடங்கியது. ஊர் என்ன பார்த்தது? வலென்டி புல்தரையில் நிற்கிறார், உடம்பில் ஒரு கீறல் இல்லை. தடத்தில் கிடப்பவர் கயேட்டன்! ஓட்டத்தை நிறுத்தியவர் என்று அவரையும், முன்பே விழுந்தவர் என்று வலென்டியையும் விலக்கினார்கள். மறு ஓட்டத்தில் எதிரணியினர் இருவரும் காற்று வாங்கிக்கொண்டு சுற்றி வந்தார்கள். முதல் பிரிவு போயிற்று. மைதானம் முழுவதும் கேலி விசில். வீதியிலே விசில், ரொட்டிக் கடை வரிசையிலே விசில், அவர் கல்யாணத்தன்று தேவாலய வாசலிலே கூட விசில். கயேட்டன் அதன்பின் வண்டியைத் தொடவில்லை. மைதானத்தின் வாசலை மிதிக்கவில்லை.

கேள்வி இதுதான்: கயேட்டன் வண்டியைச் சாய்த்தபோது வலென்டி தடத்தில் கிடந்தாரா, ஏற்கெனவே புல்லுக்குப் போய்விட்டாரா? எனக்குச் சுலபத்தில் எதையும் நம்பும் வழக்கம் இல்லை. பார்த்தவர்களைத் தேடித் தேடிக் கேட்டேன். "கெடந்தான், என் ரெண்டு கண்ணால பாத்தேன்!" என்றார்கள் வளைவில் இருந்தவர்கள். "எப்பவோ எந்திரிச்சுப் போயிட்டான், சும்மா கதை விடாதீங்க டாக்டரம்மா!" என்றார்கள் எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள். எங்கே சீட்டு வாங்கினார்களோ அங்கிருந்தே உண்மையும் வாங்கியிருக்கிறார்கள். கயேட்டன் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை; கடைசியில் வலென்டி ஐயாவையே கேட்டேன். இதோ, இரண்டாம் வரிசையில் இருக்கிறார். சொல்லலாமா ஐயா? தலையசைக்கிறார். அவர் சொன்னார்: "எனக்குத் தெரியலை டாக்டரம்மா. நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டிருந்தேன். தெறந்தப்போ புல்லு மேல இருந்தேன்."

ஆகவே என் அன்பார்ந்தவர்களே, கயேட்டன் ஓர் உயிரைக் காப்பாற்றினார் என்று நான் இந்த மேடையில் சத்தியம் செய்ய மாட்டேன். யாராலும் முடியாது. விபத்து நடந்தால் எலும்பு சாட்சி சொல்லும். ரத்தம் சாட்சி சொல்லும். நடக்காத விபத்துக்கு யார் சாட்சி? ஆனால் கயேட்டனுக்கு என்ன தெரிந்தது? துணைவன் எங்கேயோ கிடக்கிறான் என்று தெரிந்தது. பின்னால் வருகிறவர்களுக்குக் கண் தெரியாது என்று தெரிந்தது. தன் வெற்றி போகும் என்று தெரிந்தது. ஊர் போகும் என்றும் தெரிந்திருக்கும். தெரிந்தே சாய்த்தார்!

நம்மிடம் இரண்டு நினைவுக்கோப்பைகள் இருக்கின்றன. மூன்றாவது ஏன் இல்லை? வலென்டி கோஸ் நினைவுக்கோப்பை என்று ஒன்று ஏன் இல்லை? ஒருவேளை, ஒருவேளைதான், கயேட்டன் சோவா திரும்பிப் பார்த்தார் என்பதால்! மாண்டவனுக்குக் கோப்பை வைக்கத் தெரிந்த நமக்கு, பிறர் மாளாமல் பார்த்துக்கொண்டவனுக்கு வைக்கத் தெரியவில்லையே!

ஞாயிற்றுக்கிழமை நடக்கும் இளையோர் பந்தயத்திற்குக் கயேட்டன் சோவாவின் பெயர் வைக்க வேண்டும். அவர் உயிரோடு இருக்கும்போதே வைக்க வேண்டும். இதுவே என் தீர்மானம்.

அவரைக் கேட்டீர்களா என்கிறார் தலைவர். கேட்டேன். ஆற்றுக்கு அக்கரையில் அவர் தக்காளி வளர்க்கும் கண்ணாடிக்கூடத்துக்குப் போனேன். காம்பு கிள்ளிக்கொண்டே பேசினார். "நான் செத்தப்புறம் வைங்க டாக்டரம்மா."

"ஏன் ஐயா, அப்ப என்ன விசேஷம்?"

"அப்ப விசில் அடிக்க மாட்டாங்க. அடிச்சாலும் எனக்குக் கேக்காது."

அவர் மனைவி அபொலோனியா அம்மா ஒரு கூடையைத் தூக்கி என் கையில் வைத்தார். "இவரு இப்படித்தான். நான் வந்து அங்க உக்காந்து பாக்குறேன். ஊரு என்ன பண்ணுதுன்னு இவருகிட்ட வந்து சொல்றேன்." வந்திருக்கிறார். கதவோரம், பச்சைத் தலைத்துணி. திரும்பிப் பார்த்து அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள். பக்கத்து இருக்கைக்காரருக்காக உயர்த்தாதீர்கள். ஒரு கைகூடத் தாழாமல் உயர்ந்த கூட்டங்களை இந்த ஊர் ஒரே கட்சி ஆண்ட அந்தக் காலத்தில் போதுமான அளவு பார்த்துவிட்டது. மனம் இருந்தால் மட்டும்.

வலென்டி ஐயா, ஒரு கை போதும். இரண்டையும் தூக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. சரி, தூக்குங்கள். யார் தடுக்கப்போகிறார்கள்!

ஃபெலிக்ஸ் ஐயா, உங்கள் கை மடியிலேயே இருக்கிறது. தவறில்லை. என்ன சொல்கிறீர்கள்? "அன்னிக்கு அடிச்ச விசிலை நான் வாபஸ் வாங்க மாட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமை வருவேன், வாயை மூடிக்கிட்டு உக்காருவேன்." இதைவிட நேர்மையான வாக்கை நான் எங்கும் கேட்டதில்லை.

தலைவர் எண்ணிவிட்டார். தீர்மானம் நிறைவேறியது!

அபொலோனியா அம்மா, வீட்டுக்குப் போய் எல்லோரும் கை தூக்கினார்கள் என்று சொல்லாதீர்கள். அவர் நம்ப மாட்டார். பாதிக்கு மேல் தூக்கினார்கள் என்று சொல்லுங்கள். ஃபெலிக்ஸ் தூக்கவில்லை என்றும் சொல்லுங்கள். அப்போது நம்புவார், நம்பினால் வருவார்.

பொறுமையோடு கேட்ட சபைக்கு நன்றி. தடத்தை விட்டு வீட்டுக்குப் போன அத்தனை வீரர்களுக்கும் என் அன்பு. ஞாயிற்றுக்கிழமை ஆம்புலன்ஸை விட்டு நான் எழவே தேவையில்லாத பந்தயமாக அமையட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன். வணக்கம்.